ஸ்கேனைப் பார்த்தே குணமாவாரா என்று சொல்லிவிட முடியுமா?

அடுத்த கேள்வி. "அப்பாவுக்கு மூளையில் ரத்தக்கசிவு ஆகி 3 நாள் ஆகிறது. சிடி ஸ்கேனில் 40 மில்லி ரத்தம் இருக்கிறது, கஷ்டம்தான் என்கிறார்கள். ஸ்கேனை வைத்தே பிழைப்பாரா, பழையபடி நடப்பாரா என்று சொல்லிவிட முடியுமா?"

இதில் இரண்டு கேள்வி இருக்கிறது. உயிருக்கு எவ்வளவு ஆபத்து என்பதற்கு ஸ்கேன் ஓரளவு நன்றாகவே பதில் சொல்லும். கை, கால் எவ்வளவு திரும்ப வரும் என்பதற்கு அரைகுறையாகத்தான் சொல்லும்.

முதலில் அந்த 40 எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். சிடி படத்தில் புது ரத்தம் வெள்ளையாகத் தெரியும். அதன் நீளம், குறுக்கே அகலம், எத்தனை அடுக்குப் படங்களில் தெரிகிறதோ அதை வைத்து உயரம், மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கிப் பாதியாக்குவோம். 5, 4, 4 என்றால் 80, அதில் பாதி 40 மில்லி. அவ்வளவுதான் கணக்கு. (அதனால்தான் ஒரே ஒரு படத்தை போனில் எடுத்து அனுப்பி 'எப்படி இருக்கு டாக்டர்' என்று கேட்டால் என்னால் சொல்ல முடிவதில்லை.)

மூளை ரத்தக்கசிவில் உயிருக்கு எவ்வளவு ஆபத்து என்பதைப் புள்ளி போட்டுக் கணக்கிட 2001-ல் வந்தது ஐசிஎச் ஸ்கோர். புள்ளி கூடினால் ஆபத்தும் கூடும். அதில் ரத்தம் 30 மில்லியோ அதற்கு மேலோ இருந்தால் 1 புள்ளி. மூளைக்குள் நீர் இருக்கும் அறைகளில் ரத்தம் இறங்கியிருந்தால் 1, மூளைத்தண்டு அல்லது சிறுமூளைப் பக்கம் கசிவு என்றால் 1, வயது 80-ஐத் தொட்டிருந்தால் 1. ஆனால் நினைவு எவ்வளவு தப்பியிருக்கிறது என்பதற்கு மட்டும் 2 வரை உண்டு. கவனித்தீர்களா, ஒரே விஷயத்துக்குக் கிடைக்கும் அதிகப் புள்ளி ஸ்கேனில் இல்லை, படுத்திருக்கும் ஆளிடம் இருக்கிறது.

இன்னொன்று, ஸ்பாட் சைன். சாய மருந்து செலுத்தி எடுக்கும் சிடியில் ரத்தக் கட்டிக்குள் ஒரு வெள்ளைப் புள்ளி மினுக்கினால், கசிவு இன்னும் நிற்கவில்லை, கட்டி பெருகலாம் என்று அர்த்தம். இது முதல் சில மணி நேரத்துக் கவலை. உங்கள் அப்பா பெரும்பாலும் அதைத் தாண்டிவிட்டார். இனிமேல் பார்க்க வேண்டியது கட்டியைச் சுற்றி வரும் வீக்கத்தை. அது இரண்டாவது வாரம் வரைகூட ஏறலாம்.

சரி, நடப்பாரா? இங்கே அளவை விட இடம்தான் பேசும். கை, கால்களுக்குக் கட்டளை போகும் நரம்புப் பாதை நடுவில் ரொம்பக் குறுகலாக ஓடுகிறது. அதன் மேலேயே 10 மில்லி விழுந்தால் ஒரு பக்கம் முழுக்க விழுந்துவிடலாம். அந்தப் பாதைக்குத் தள்ளி, முன்மூளையில் 40 மில்லி இருந்தும் கை அசையலாம். பாதை அறுந்திருக்கிறதா, வெறுமனே அழுந்தியிருக்கிறதா என்பதை முதல் சிடி காட்டாது. பிறகு எடுக்கும் சிறப்பு எம்ஆர்ஐ கொஞ்சம் காட்டும்.

ஸ்கோரில் எனக்கு உறுத்துகிற விஷயம் ஒன்று உண்டு. புள்ளி மோசம் என்று சிகிச்சையைக் குறைத்தால் நோயாளி இறந்துவிடுகிறார், புள்ளி சரியாகச் சொன்னது என்று ஆகிவிடுகிறது. அதனால்தான் அமெரிக்க இதய சங்கத்தின் 2022 வழிகாட்டுதல், நோயாளி முன்பே வேறு மாதிரி எழுதி வைத்திருந்தாலொழிய, மருத்துவமனையில் சேர்ந்து குறைந்தது இரண்டாவது முழு நாள் வரை சிகிச்சையைக் குறைக்கும் முடிவைத் தள்ளிப்போடுவது நல்லது என்கிறது.

உங்கள் டாக்டரிடம் மில்லி கணக்கைத் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டாம். ரத்தம் அறைகளுக்குள் இறங்கியிருக்கிறதா, நரம்புப் பாதைக்கு எவ்வளவு பக்கத்தில் என்று கேளுங்கள். அப்புறம், தூக்க மருந்து ஓடாத நேரத்தில் கண் திறக்கிறாரா, 'கையைப் பிடி' என்றால் பிடிக்கிறாரா, நேற்றைக்கு இன்று எப்படி என்று கேளுங்கள்.