ஒரு வீட்டுக்குள் அடங்காத பள்ளிக்கூடம்

(கோவையில் வீட்டுக்கல்விப் பெற்றோர் கூடுகை ஒன்றில் பேசியது)

வந்திருக்கும் பெற்றோருக்கும், பின்வரிசையில் பட்டம் ஒட்டிக்கொண்டிருக்கும் வாண்டுகளுக்கும் வணக்கம்.

பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பவில்லை என்றதும் வரும் முதல் கேள்வி, "நாலு பிள்ளைகளோடு பழக வேண்டாமா?" என் மாமியார் இன்றும் கேட்கிறார். நியாயமான கேள்விதான். ஆனால் ஆறு வருஷம் பட்டுத் தெரிந்ததைச் சொல்கிறேன்: நாலு பேரோடு முதலில் பழக வேண்டியவர்கள் நாம்தான்.

1910-இல் தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க் அருகே 1,100 ஏக்கரில் டால்ஸ்டாய் பண்ணை தொடங்கியது. சத்தியாக்கிரகிகளின் குடும்பங்கள் அங்கே தங்கின. பிள்ளைகளுக்குப் படிப்பும் அங்கேயேதான். தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்துச் சொல்லித்தந்தவர் யார் தெரியுமா? காந்தி! கப்பலிலும் சிறையிலும் கற்ற தமிழ். ஜி.யு. போப் எழுதிய தமிழ்க் கையேட்டைத் தாண்டவில்லை, பேச்சில் பிள்ளைகள் தன்னை எப்போது வேண்டுமானாலும் தோற்கடித்துவிடுவார்கள் என்று சுயசரிதையில் அவரே ஒப்புக்கொள்கிறார். செருப்புத் தைக்க, காந்தியின் நண்பர் காலன்பாக் ஒரு கிறித்தவத் துறவி மடத்துக்குப் போய்க் கற்று வந்தார். அவரிடம் காந்தி கற்றார், காந்தியிடம் பிள்ளைகள் கற்றார்கள். தெரியாததைத் தெரிந்தவரிடம் கேட்க அங்கே யாரும் கூச்சப்படவில்லை.

எனக்குக் கூச்சம் இருந்தது. நான் பொறியியல் படித்தவள். என் மகளுக்குப் பின்னம் வரவில்லை. முக்கால் பெரிதா, மூன்றில் இரண்டு பெரிதா என்று மூன்று மாதம் மல்லுக்கட்டினோம். என் குரல் உயரும், அவள் கண் கலங்கும், புத்தகம் மூடப்படும். நம் குழுவில் தையல் வேலை செய்யும் ஓர் அக்கா இருக்கிறார். ஒருநாள் என் மகளைக் கூப்பிட்டு இஞ்ச் டேப்பைக் கையில் கொடுத்தார். "முக்கால் இஞ்ச் மடிப்பு விடு கண்ணு. இந்தப் பக்கம் அரைக்கால் கூட்டிக்கோ." துணி தப்பாக வெட்டுப்பட்டது. அக்கா திட்டவில்லை, "இதுல தலையணை உறை தைக்கலாம்" என்றார். அன்று ராத்திரி என் மகள் அரைக்கால் தோசை கேட்டாள். எட்டில் ஒன்றாக நறுக்கித்தான் வைத்தேன்!

தேர்வு விஷயத்திலும் அப்படித்தான். பள்ளிக்குப் போகாமலே தேர்வு எழுத வழிசெய்யும் தேசிய திறந்தநிலைப் பள்ளியில் (NIOS) பத்தாம் வகுப்பு எழுத 14 வயது நிரம்பியிருக்க வேண்டும், குறைந்தது ஐந்து பாடம் எடுக்க வேண்டும். இதெல்லாம் எனக்குத் தெரியும். தியரி மதிப்பெண்ணில் 20 சதவீதம் வீட்டில் எழுதித்தரும் அசைன்மென்ட்டுக்குப் போகிறது என்பது தெரியாது. மூத்தவனுக்காகப் பாடத்தை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தேன். முந்தின வருஷம் எழுதிய பையனின் அப்பா சொல்லாவிட்டால் அதைக் கோட்டை விட்டிருப்போம்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கூட்டம் என்றால் சண்டையும் உண்டு. செல்போன் தரலாமா கூடாதா என்று இரண்டு குடும்பங்கள் ஒரு மாதம் பேசிக்கொள்ளவில்லை. அவர்கள் பிள்ளைகள் என்னவோ மரத்தடியில் சேர்ந்து பல்லாங்குழி ஆடிக்கொண்டிருந்தார்கள்.

வரும் ஞாயிறு காலை 7 மணிக்கு சிங்காநல்லூர் குளக்கரை. கூழைக்கடா, நீர்க்காகம் எத்தனை என்று பிள்ளைகள் எண்ணப்போகிறார்கள். பைனாகுலர் இருப்பவர்கள் எடுத்து வாருங்கள். மோர் எங்கள் வீட்டிலிருந்து வரும். புளியோதரை யார் என்று இன்னும் முடிவாகவில்லை, கை தூக்குங்கள்.