ஓரிரு இடங்கள் என்றால் எந்த இடங்கள்?

நேயர்களுக்கு வணக்கம்.

"அந்தமான் நிக்கோபார் தீவுகளில் அநேக இடங்களில் இடி மின்னலுடன் கூடிய மிதமான மழை பெய்யக்கூடும். ஓரிரு இடங்களில் கனமழைக்கு வாய்ப்பு உண்டு. அந்தமான் கடல் பகுதியில் சூறாவளிக் காற்று மணிக்கு 40 முதல் 50 கிலோமீட்டர் வேகத்திலும், இடையிடையே 60 கிலோமீட்டர் வேகத்திலும் வீசக்கூடும். மீனவர்கள் இப்பகுதிகளுக்குச் செல்ல வேண்டாம்."

நவம்பர் பிறந்துவிட்டால் இப்படிப்பட்ட அறிவிப்பு அடிக்கடி நம் காதில் விழும். நம்மில் பெரும்பாலோர் முதல் வரியோடு காதை மூடிக்கொள்கிறோம். குடை எடுக்க வேண்டுமா, துணி காயுமா என்ற இரண்டு கேள்விக்கும் அதிலேயே பதில் கிடைத்துவிடுகிறது. புவியியல் ஆசிரியராக இருந்தவன் என்ற முறையில் நான் சொல்ல வந்தது, கடைசி இரண்டு வரிகளைப் பற்றி. தீவில் குடியிருக்கிறவர்களுக்கு அவைதான் முக்கியம். மழை நம்மை நனைக்கும், அவ்வளவுதான். காற்றும் அலையும்தான் கப்பலை நிறுத்தும். கப்பல் நின்றால் சென்னையிலிருந்து வரும் வெங்காயமும் தக்காளியும் நிற்கும். லிட்டில் அந்தமான் தீவின் ஹட் பேயிலிருந்து போர்ட் பிளேர் பெரியாஸ்பத்திரிக்கு வர வேண்டிய நோயாளியும் அங்கேயே காத்துக் கிடக்க வேண்டும். போர்ட் பிளேரின் பெயர் ஸ்ரீ விஜயபுரம் என்று மாறியிருக்கிறது. பழைய பெயரே என் வாயில் வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மழை வரியையே கொஞ்சம் பார்த்துவிடுவோம். 'ஓரிரு இடங்களில்', 'ஒருசில இடங்களில்', 'அநேக இடங்களில்', 'பெரும்பாலான இடங்களில்' என்பதெல்லாம் படிப்பவர் வாய்க்கு வந்ததைச் சொல்வதல்ல. ஒவ்வொன்றுக்கும் இந்திய வானிலை ஆய்வுத் துறை ஓர் அளவு வைத்திருக்கிறது. ஒரு பகுதியில் உள்ள மழைமானி நிலையங்களில் நூற்றுக்கு 25 வரை மழை பதிவானால் ஓரிரு இடங்கள். 26 முதல் 50 வரை ஒருசில, 51 முதல் 75 வரை அநேக, அதற்கு மேல் பெரும்பாலான இடங்கள். கனமழை என்பதற்கும் கணக்கு உண்டு. காலை எட்டரை மணி முதல் மறுநாள் காலை எட்டரை மணி வரை 64.5 மில்லிமீட்டரைத் தொட்டால்தான் கனமழை. 115.6-ஐத் தொட்டால் மிகக் கனமழை. 204.5-ஐத் தொட்டால் அதிகனமழை.

நம் சிக்கல் வேறு. அந்த ஓரிரு இடம் எந்த இடம்? வடக்கே லேண்ட்ஃபால் தீவிலிருந்து தெற்கே இந்திரா முனை வரை நம் தீவுக்கூட்டம் 700 கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கிறது. ஏறக்குறைய சென்னைக்கும் கன்னியாகுமரிக்கும் உள்ள தூரம். நடுவே அந்தமானையும் நிக்கோபாரையும் பிரிக்கும் பத்து டிகிரிக் கால்வாய் வேறு. வடக்கே டிக்லிபூரில் வெயில் கொளுத்தும் அதே நேரத்தில் தெற்கே கேம்பெல் பேயில் மூன்று நாளாக அடைமழை பெய்துகொண்டிருக்கும். அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். பள்ளி மாடியில் ஒரு மழைமானி வைத்திருந்தோம். காலையில் பிள்ளைகள் அதை அளந்து எழுதுவார்கள். பாம்பூ ஃபிளாட்டிலிருந்து படகில் வரும் பிள்ளை, "சார், எங்கள் பக்கம் ராத்திரி முழுக்கக் கொட்டியது" என்பாள். ஜங்கிலிகாட் பையன், "எங்கள் வீட்டு முற்றம்கூட நனையவில்லை" என்பான். மானியில் நாலு மில்லிமீட்டர் இருக்கும். மூன்றுமே உண்மைதான். பாம்பூ ஃபிளாட்டுக்குப் பின்னால் மவுண்ட் ஹாரியட் நிற்கிறது. ஈரக்காற்று அதில் முட்டி மேலே ஏறினால் அந்தப் பக்கம் மழை பெய்யும். துறைமுகத்தின் இந்தக் கரைக்கு மேகம் மட்டும்தான் வரும்.

அதனால் மழை அறிவிப்பைக் கேட்கும்போது மாவட்டப் பெயரோடு கேளுங்கள். வடக்கு மற்றும் நடு அந்தமான், தெற்கு அந்தமான், நிக்கோபார் என்று மூன்று மாவட்டங்களுக்கும் தனித்தனியாக நிறம் தருகிறார்கள். பச்சை என்றால் எச்சரிக்கை இல்லை. மஞ்சள் என்றால் கவனித்துக்கொண்டிருங்கள். ஆரஞ்சு என்றால் தயாராகுங்கள். சிவப்பு என்றால் உடனே செயலில் இறங்க வேண்டும்.

இனி காற்று. தென்மேற்குப் பருவக்காற்று இந்திய மண்ணில் முதலில் தொடுவது நம் தீவுகளைத்தான். மே மாதம் 22-ஆம் தேதி வாக்கில் அது இங்கே வருவது வழக்கம். 2025-இல் 13-ஆம் தேதியே வந்துவிட்டது. அந்தக் காற்று வீசும் மாதங்களில் மேற்குக் கரை கொந்தளிக்கும், கிழக்குக் கரை ஓரளவு அடங்கியிருக்கும். அக்டோபருக்குப் பிறகு காற்று திசை மாறி வடகிழக்கிலிருந்து வருகிறது. அப்போது கிழக்குக் கரையில் கார்பின்ஸ் கோவ் பக்கம் அலை எழும், மேற்குக் கரையில் வண்டூர் பக்கம் தணியும். மழைக்காலத்தில் ஜாலி பாய் தீவை மூடிவிட்டு ரெட் ஸ்கின் தீவுக்குப் படகு விடுவதும் இந்தக் காற்றுக் கணக்கை வைத்துத்தான். ஆகவே அறிவிப்பில் காற்றின் வேகத்தை மட்டும் கேட்டால் போதாது, திசையையும் காதில் வாங்குங்கள். உங்கள் கரை எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்று உங்களுக்குத்தான் தெரியும்.

அலை உயரத்தில் ஒரு பெரிய விஷயம் ஒளிந்திருக்கிறது. ஐதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் தினமும் அலை முன்னறிவிப்பு வெளியிடுகிறது. "அலை உயரம் 3 மீட்டர்" என்று அதில் வந்தால், எல்லா அலையும் மூன்று மீட்டர்தான் இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. வருகிற அலைகளில் உயரமான மூன்றில் ஒரு பங்கை எடுத்து, அவற்றுக்குப் போட்ட சராசரி அது. இடையில் ஒற்றை அலை ஒன்று அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு உயரத்துக்கு எழுந்து வரலாம். எஞ்சின் டுங்கி என்ற சிறு படகில் போகிறவரைக் கவிழ்ப்பது அந்த ஒற்றை அலைதான். "மூன்று மீட்டர்தானே, நான் பார்க்காததா" என்று கிளம்புகிற தம்பிகளிடம் நான் கைகூப்பிச் சொல்வேன்: அந்த எண்ணை இரண்டால் பெருக்கிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். நவம்பர், டிசம்பரில் மாலை ஐந்து மணிக்கே இங்கே பொழுது சாய்ந்துவிடுகிறது. இருட்டில் எந்த அலை எந்தப் பக்கம் வருகிறது என்று யாருக்குத் தெரியும்?

அடுத்து, புயலுக்குப் பெயர் வைப்பது. இதை நான் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும். காற்றழுத்தத் தாழ்வு மண்டலத்தைச் சுற்றிய காற்று மணிக்கு 62 கிலோமீட்டரை எட்டினால்தான் அது புயல். அப்போதுதான் பெயர் வைப்பார்கள். தமிழ்நாட்டில் "அந்தமான் அருகே காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி" என்று செய்தி வந்தால், அங்குள்ளவர்களுக்கு அது இனிமேல் வரப்போகிற ஒன்று. நம் தலைக்கு மேலேயோ அது ஏற்கெனவே வந்து நிற்கிறது. பெயர் இல்லை என்பதால் அதை நாம் லேசாக எடுத்துக்கொள்கிறோம்.

2016 டிசம்பரை நினைத்துப் பாருங்கள். முதல் வாரத்தில் நம் கடலை ஒட்டி உருவான தாழ்வு மண்டலம், ஹேவ்லாக், நீல் தீவுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகளை மாட்டிவைத்தது. படகு இல்லை, ஹெலிகாப்டர் இறங்க முடியவில்லை. கடற்படைக் கப்பல்கள் வந்தும்கூட, கடல் அடங்கும்வரை காத்திருந்துதான் அவர்களை ஏற்றிக்கொண்டு வந்தார்கள். அத்தனை பாடும் தொடங்கியபோது அதற்குப் பெயரே கிடையாது. 8-ஆம் தேதிதான் அது 'வர்தா' ஆனது. 12-ஆம் தேதி சென்னையில் கரை கடந்து மரங்களை வேரோடு சாய்த்தபோது ஊர் உலகமெல்லாம் அதன் பெயரைச் சொன்னது.

இதற்கு நேர்மாறாகவும் நடந்திருக்கிறது. 2013 நவம்பர் 25 அன்று 'லெஹர்' புயலாகவே போர்ட் பிளேர் அருகே நம் தீவுகளைக் கடந்து போனது. மூன்று நாள் கழித்து ஆந்திராவில் மசூலிப்பட்டினம் அருகே கரையேறும்போது வலுவிழந்து வெறும் தாழ்வு மண்டலமாகிவிட்டது. கரையில் உள்ளவர்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். அது புயலாக இருந்தபோதே அதன் அடியை நாம் வாங்கியிருந்தோம். ஆகவே பெருநிலத்துத் தொலைக்காட்சி எதைப் பெரிதாகச் சொல்கிறது என்பதை வைத்து நாம் நம் ஆபத்தை அளக்கக் கூடாது.

பழைய கதை ஒன்றும் சொல்லிவிடுகிறேன். 1891 நவம்பர் தொடக்கத்தில் ஒரு பெரும்புயல் போர்ட் பிளேரைத் தாக்கியது. துறைமுகத்துக்கு வந்த 'என்டர்பிரைஸ்' என்ற அரசுக் கப்பல் சவுத் பாயின்ட் பாறைகளில் மோதி உடைந்தது. மாலுமிகளில் பெரும்பாலோர் மாண்டார்கள். அந்தக் கரையில் பெண் கைதிகளின் சிறை இருந்தது. அந்தப் பெண்கள் கைகோத்துச் சங்கிலி போல அலைக்குள் இறங்கி, உயிரோடிருந்த சிலரைக் கரைக்கு இழுத்து வந்தார்கள். அன்று மாலுமிகளுக்குச் செயற்கைக்கோளும் இல்லை, வானொலியும் இல்லை. இன்று அரை மணிக்கொரு முறை மேகப்படம் வருகிறது. அதைப் படித்துச் சொல்லவும் ஆட்கள் இருக்கிறார்கள். சொன்னதைக் கடைசி மனிதர் காதுவரை கொண்டுபோய்ச் சேர்ப்பதில்தான் நமக்கு இன்னும் வேலை இருக்கிறது.

ஒன்று கேட்பீர்கள்: ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் பெய்கிற ஊரில் மழை அறிவிப்புக்கு அப்படி என்ன அவசியம் என்று. சென்னையைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் நமக்குப் பெய்கிறது, உண்மை. ஆனால் ஜனவரி முதல் ஏப்ரல் வரை வானம் வறண்டுவிடும். போர்ட் பிளேருக்குக் குடிநீர் தரும் தனிக்காரி அணையில் தண்ணீர் இறங்க இறங்க, குழாயில் தண்ணீர் வரும் நாட்களுக்கு இடைவெளி கூடிக்கொண்டே போகும். குடத்தோடு வரிசையில் நிற்கும் பெண்களுக்கு இது தெரியும். ஆதலால் டிசம்பர் மழை ஓயும் முன்பே கூரைத் தண்ணீரைத் தொட்டியில் பிடித்து வையுங்கள். நீண்டகால முன்னறிவிப்பு வரும்போது அதில் ஒரு கண் இருக்கட்டும்.

கடைசியாகத் துறைமுக எச்சரிக்கை எண்கள். மூன்றாம் எண் ஏற்றினால், சூறைக்காற்றால் துறைமுகத்துக்கே பாதிப்பு வரலாம் என்று பொருள். நம் ஊரில் அடிக்கடி ஏறுவது அதுதான். எட்டு முதல் பத்து வரை பெரும் அபாயம். பதினொன்று என்றால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள். மூன்று ஏறியிருக்கும் நாளில் தீவுகளுக்கு இடையே போகும் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். தள்ளிப்போட முடியாத திருமணமோ தேர்வோ இருந்தால், எண் ஏறும் முன்பே, ஒரு நாள் முன்னதாகவே கிளம்பிவிடுங்கள். சென்னைக்குக் கப்பலில் போகிறவர்கள் மருந்து மாத்திரையைக் கூடுதலாக இரண்டு நாளுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

நிர்வாகத்திடம் எனக்கு ஒரு கோரிக்கை இருக்கிறது. ஒவ்வொரு படகுத்துறையிலும், டிக்கெட் சன்னலுக்குப் பக்கத்திலேயே, ஒரு கரும்பலகை வைக்க வேண்டும். அன்றைய காற்று எத்தனை கிலோமீட்டர், எந்தத் திசை, அலை எத்தனை மீட்டர், எச்சரிக்கை எண் என்ன என்று நாலே நாலு வரி. இந்தியில், வங்காளத்தில், தமிழில், தெலுங்கில், நிக்கோபாரி மொழியில். கைப்பேசிக்கு சிக்னல் கிடைக்காத தீவுகளில் அந்தப் பலகை கண்டிப்பாக வேண்டும். எழுதுவதற்கு ஆள் இல்லை என்றால் எங்கள் பள்ளிப் பிள்ளைகள் தினமும் காலையில் வந்து எழுதித் தருவார்கள். தலைமை ஆசிரியரிடம் பேசிவிட்டேன், அவர் சம்மதித்துவிட்டார்.

நன்றி. வணக்கம்.