பத்தாயிரம் ஏக்கர் கொடுத்து வாங்கியது என்ன?

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, புதுச்சேரிப் பெருமக்களே, அனைவருக்கும் வணக்கம்.

‘அண்டை நாடுகளோடு இந்தியாவின் உறவை நிலைக்கச் செய்வது விட்டுக்கொடுக்கும் பெருந்தன்மையா, விட்டுக்கொடுக்காத உறுதியா?’ என்பது இன்றைய தலைப்பு. பெருந்தன்மையே என்று பேச வந்திருக்கிறேன். எதிரணித் தலைவர், விட்டுக்கொடுத்தால் இழப்புதான் என்று கச்சத்தீவில் தொடங்கி, துப்பாக்கியோடு வருகிறவனிடம் உறுதிதான் வேண்டும் என்று பஹல்காம் பயங்கரவாதத் தாக்குதலில் முடித்தார். இரண்டுக்கும் வருகிறேன். அதற்கு முன் அவர் தொடாமல் தாண்டிப் போன ஓர் இடத்துக்கு உங்களை அழைத்துச் செல்ல வேண்டும்.

விழுப்புரத்திலிருந்து இங்கே பேருந்தில் வருபவர்களுக்குத் தெரியும். வளவனூர் தமிழ்நாடு, மதகடிப்பட்டு புதுச்சேரி, கண்டமங்கலம் மறுபடியும் தமிழ்நாடு. எல்லை மாறுவதை மதுக்கடைப் பலகைகளைப் பார்த்துத்தான் நாம் அறிகிறோம். இதே போன்ற துண்டு நிலங்கள் இரண்டு மாநிலங்களுக்கு நடுவில் இல்லாமல் இரண்டு நாடுகளுக்கு நடுவில் கிடந்தால் என்ன ஆகும்? மேற்கு வங்கத்தின் கூச் பிஹாரை ஒட்டிய பகுதியில் 2015 வரை அப்படித்தான் கிடந்தன. வங்கதேசத்துக்குள் இந்தியாவின் 111 துண்டுகள், இந்தியாவுக்குள் வங்கதேசத்தின் 51 துண்டுகள். தகலா காக்ராபாரி என்று ஒரு நிலம் இருந்தது. வங்கதேசத்துக்குள் இருந்த இந்தியத் துண்டுக்குள் இருந்த வங்கதேசத் துண்டுக்குள் அமைந்த இந்திய நிலம் அது. சொல்லி முடிப்பதற்குள் எனக்கே மூச்சு வாங்குகிறது. அங்கே வாழ்ந்தவர்களை நினைத்துப் பாருங்கள். பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க அக்கம்பக்கத்து ஊர்க்காரர் ஒருவரைத் தகப்பன் என்று எழுதிக்கொடுத்த குடும்பங்கள் அங்கே இருந்தன. கடவுச்சீட்டு வாங்கத் தாய்நாட்டுக்குள் போக வேண்டும். போவதற்கோ கடவுச்சீட்டு வேண்டும். ஏறத்தாழ 51,000 பேர் இப்படி வாழ்ந்தார்கள்.

1974இல் இந்திரா காந்தியும் முஜிபுர் ரஹ்மானும் செய்துகொண்ட எல்லை உடன்படிக்கை, நம் நாடாளுமன்றத்தில் நிறைவேறாமலேயே 41 ஆண்டுகள் கிடந்தது. காரணம், கணக்கு நமக்குப் பாதகம். நாம் கொடுப்பது ஏறத்தாழ 17,160 ஏக்கர், பெறுவது 7,110 ஏக்கர். எதிரணியின் தராசில் வைத்தால் இது பச்சை நட்டம். ஆனால் 2015 மே மாதம் இரண்டு அவைகளிலும் ஓர் எதிர்ப்பு வாக்குக்கூட இல்லாமல் 100ஆவது அரசியல் சட்டத் திருத்தம் நிறைவேறியது. ஜூலை 31 நள்ளிரவில் துண்டுகள் கைமாறின.

“பத்தாயிரம் ஏக்கரைக் கொடுத்து என்ன வாங்கினோம்? 2024இல் டாக்காவில் ஆட்சி கவிழ்ந்ததும் உறவும் கசந்துவிட்டதே!” என்று எதிரணியில் யாராவது எழுந்து கேட்கக்கூடும். உறவு கசந்தது உண்மை. ஆனால் அந்தக் கசப்பிலும் அந்த நிலங்களை யாரும் திருப்பிக் கேட்கவில்லை. ஆட்சி மாறினாலும் மாறாத ஓர் எல்லையை வாங்கியிருக்கிறோம். நாலாயிரம் கிலோமீட்டருக்கும் மேல் நீளும் எல்லையில் அதற்கு ஒரு விலை உண்டு.

இனி, உறுதி எதைப் பெற்றுத் தந்தது என்று பார்ப்போம். 2015 ஏப்ரலில் நேபாளம் நிலநடுக்கத்தில் சிதைந்தபோது நம் மீட்புப் படை உடனே போய் இறங்கியது. அடுத்து வந்த நன்கொடை மாநாட்டில் 100 கோடி டாலர் அறிவித்தோம். அதே செப்டம்பரில் நேபாளம் நமக்கு உவப்பில்லாத அரசியல் சட்டத்தை ஏற்றது. எல்லையில் லாரிகள் நின்றன. தடை விதிக்கவே இல்லை, நேபாளத்தின் தெற்குச் சமவெளியில் வாழும் மாதேசிகளின் போராட்டமே காரணம் என்று நம் அரசு சொன்னது. இருக்கட்டும். காத்மாண்டுவில் ஒரு குடும்பத் தலைவி பாதி நிரப்பிய சமையல் எரிவாயு உருளைக்கு வரிசையில் நின்றபோது, யாரைக் குறை சொல்லியிருப்பார்? ஏப்ரலில் சம்பாதித்த நல்ல பெயர் டிசம்பருக்குள் கரைந்தது. 2016 மார்ச்சில் நேபாளப் பிரதமர் ஒலி பெய்ஜிங் சென்று, சீனத் துறைமுகங்கள் வழியாகச் சரக்குப் போக்குவரத்துக்கு உடன்பாடு செய்துகொண்டார். அந்த அரசியல் சட்டமும் நாம் விரும்பியபடி மாறவில்லை. உறுதி காட்டிப் பெற்ற பரிசு இது.

மாலத்தீவில் வேறு மாதிரி நடந்துகொண்டோம். ‘இந்தியாவே வெளியேறு’ என்ற முழக்கத்தோடு 2023இல் முய்சு அதிபரானார். அங்கிருந்த நம் படையினரைத் திரும்பப் பெறச் சொன்னார். 2024 மே மாதத்துக்குள் திரும்பப் பெற்றோம். சமூக வலைதளங்களில் நாம் குதித்தோம், டெல்லி குதிக்கவில்லை. அந்த ஆண்டு அக்டோபரில் அவர் கடன் நெருக்கடியோடு வந்தபோது 40 கோடி டாலருக்கும் 3,000 கோடி ரூபாய்க்கும் நாணயப் பரிமாற்ற வசதி அளித்தோம். 2025 ஜூலையில் மாலத்தீவின் 60ஆவது விடுதலை நாள் விழாவில் சிறப்பு விருந்தினர் இந்தியப் பிரதமர்.

கச்சத்தீவுக்கு வருகிறேன். 285 ஏக்கர் தீவை 1974இல் கொடுத்தார்கள். 1976இல் கடிதப் பரிமாற்றத்தின் வழியாக அந்தக் கடலில் மீன்பிடிக்கும் உரிமையும் போயிற்று. காரைக்கால் மீனவர் இன்றும் கைதாகிறார், படகை இழக்கிறார். இந்த வலியை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் இதைப் பெருந்தன்மை என்று யார் சொன்னது? வலை வீசுகிறவனைக் கேட்காமல் அவன் கடலைக் கொடுப்பதற்கு நம் ஊரில் வேறு பெயர் இருக்கிறது: ‘ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே!’ கொடுக்கிறவன் தன் கையிலிருந்து கொடுத்தால்தான் அது பெருந்தன்மை.

பஹல்காமைப் பொறுத்தவரை எதிரணித் தலைவர் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. பதிலுக்குப் பதில் எதிர்பாராமல் கொடுக்க வேண்டும் என்ற கொள்கையை 1996இல் வகுத்த, அப்போதைய வெளியுறவு அமைச்சர் ஐ.கே. குஜ்ராலே நேபாளம், வங்கதேசம், பூட்டான், மாலத்தீவு, இலங்கை என்று ஐந்து நாடுகளைத்தான் பட்டியலிட்டார். பாகிஸ்தானை அதில் சேர்க்கவில்லை. துப்பாக்கியோடு வருகிறவனுக்குப் பந்தி விரிக்கச் சொல்லவில்லை நாங்கள். அந்த ஒருவனுக்காக மற்ற ஐந்து இலைகளையும் எடுத்துவிடாதீர்கள் என்கிறோம்.

கடைசியாக நம் ஊர்க் கதை. 1954 வரை கடலூர்க்காரருக்குப் பக்கத்து நாடு பிரான்சுதான். எல்லையில் நெருக்கடியும் கொடுத்தோம், மறுக்கவில்லை. ஆனால் முடிவு கீழூரில் 178 பிரதிநிதிகளின் வாக்கெடுப்பில் வந்தது. 170 பேர் இணைப்பை ஆதரித்தார்கள். பிறகு நாம் கொடுத்ததைப் பாருங்கள்: விரும்பியவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொள்ளலாம், மக்கள் பிரதிநிதிகள் வேண்டாம் என்று சொல்லும்வரை பிரெஞ்சு ஆட்சிமொழியாக நீடிக்கலாம். இன்றைக்கும் பிரெஞ்சு தேசிய நாளான ஜூலை 14 அன்று, பிரெஞ்சுப் படையில் பணியாற்றிய நம் ஊர் சொல்தாத் தாத்தாக்கள் பதக்கங்களைக் குத்திக்கொண்டு கடற்கரைச் சாலைப் போர் நினைவிடத்தில் வந்து நிற்கிறார்கள். அதனால் இந்தியாவின் இறையாண்மை ஓர் அங்குலமாவது குறைந்ததா? 1998இல் அணுகுண்டுச் சோதனைக்காக மேலை நாடுகள் பல நம்மீது தடை விதித்தபோது, விதிக்காமல் நின்ற நாடு பிரான்சு.

மணி அடித்துவிட்டது. எதிரணிக்கு ஒரே ஒரு கேள்வி வைத்து அமர்கிறேன். 1996 டிசம்பரில், மேற்கு வங்கத்தின் ஃபராக்கா அணையில் கங்கை நீரைப் பங்கிட வங்கதேசத்தோடு போட்ட ஒப்பந்தத்தின் 30 ஆண்டுக் காலம் 2026 டிசம்பரோடு முடிகிறது. கீழ்ப்படுகை விவசாயியின் நிலை என்னவென்று காவிரிக் கடைமடையில் இருக்கும் காரைக்கால்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை. கங்கையில் மேலே இருப்பவர்கள் நாம். உங்கள் உறுதியை எடுத்துக்கொண்டு அந்தப் பேச்சுவார்த்தை மேசைக்குப் போனால், முதல் வாக்கியமாக என்ன சொல்வீர்கள்?