முதலாளி ஊரில் இல்லாதபோது

நேயர்கள் அனைவருக்கும் அன்பு வணக்கம்.

செட்டிநாட்டில் பிறந்தவர்களுக்கு 'கொண்டுவிக்கப் போறது', அதாவது கடல் கடந்து வியாபாரத்துக்குப் போவது, என்ற பேச்சு புதிதல்ல. காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் என்று எந்த ஊரை எடுத்தாலும், பர்மாவுக்கோ மலேயாவுக்கோ கப்பலேறியவர் கதை இருக்கும். அங்கே வட்டிக்கடையை நடத்தியவர் பெரும்பாலும் முதலாளி அல்லர், அவருடைய மேலாள். மூன்று வருடத் தவணைக்குப் போவார். முதலாளி இங்கே, பணம் அங்கே. கடிதம் போய்ச் சேரவே நாளாகும். யாருக்குக் கடன் கொடுக்கலாம், யாரிடம் கறாராக இருக்க வேண்டும் என்பதெல்லாம் மேலாள் பார்த்துச் செய்வதுதான். தவணை முடிந்ததும் பேரேட்டையும் ஐந்தொகையையும் வைத்துக் கணக்கு ஒப்புவிக்க வேண்டும்.

அதனால் மத்தேயு 25ஆம் அதிகாரத்தில் இயேசு சொன்ன தாலந்து உவமை நம் ஊர்க்காரர்களுக்கு விளக்கம் இல்லாமலே புரியும். புறதேசத்துக்குப் புறப்படுகிற எஜமான், அவனவன் திறமைக்குத் தக்கபடி ஒருவனிடம் ஐந்து, ஒருவனிடம் இரண்டு, ஒருவனிடம் ஒன்று என்று தாலந்துகளை ஒப்படைக்கிறார். ஒன்று கிடைத்தவன் பாவம் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு தாலந்து என்பது அன்றைய கூலியாளுக்கு ஏறக்குறைய 20 வருடச் சம்பளம். அவன் அதைத் திருடவில்லை, சூதாடித் தொலைக்கவில்லை. பயந்துபோய் மண்ணில் புதைத்தான், அவ்வளவுதான். அதற்கே, "நீ என் பணத்தைக் காசுக்காரர் வசத்தில் போட்டுவைக்கவேண்டியதாயிருந்தது" என்று, அதாவது வட்டிக்கடையிலாவது போட்டிருக்கலாமே என்று, எஜமான் கடிந்துகொள்கிறார். பத்திரமாக வைத்திருந்தேனே என்ற சமாதானம் அங்கே எடுபடவில்லை.

பணத்தைப் புழங்கவிடுவது என்றால் என்ன என்று பார்க்க நாம் வெளியூர் போக வேண்டியதில்லை. காரைக்குடியில் மின்வேதியியல் ஆய்வகம் வருவதற்கு அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்தார். 1948இல் நேரு வந்து அடிக்கல் நாட்டினார். பெண்கள் கல்லூரிக்குத் தாம் குடியிருந்த வீட்டையே கொடுத்தவர் அவர். கிறிஸ்தவர் அல்லர், ஆனால் தாலந்தைப் புதைக்காத மனிதர் என்று நான் மனதாரச் சொல்வேன். லாபத்தில் மகமை என்று ஒரு பங்கைக் கோயிலுக்கும் தருமத்துக்கும் முதலிலேயே ஒதுக்கும் பழக்கம் நகரத்தார் எனப்படும் செட்டிநாட்டுச் செட்டியார்களின் கணக்கில் ஊறியது. மிஞ்சினால் பார்க்கலாம் என்று காணிக்கையைக் கடைசிக்குத் தள்ளுகிற நமக்கு இதில் கற்க நிறைய இருக்கிறது.

சரி, காணிக்கையும், வருமானத்தில் பத்தில் ஒரு பங்கான தசமபாகமும் ஒழுங்காகக் கொடுத்துவிட்டால் உண்மையுள்ளவர் ஆகிவிடுவோமா? என் மனதை உறுத்துவது இதுதான். வீடு கட்டுகிறோம். தரையில் பூப்போட்ட ஆத்தங்குடிக் கல் பதிக்க ஆள் வருகிறார்கள். குனிந்த முதுகு நிமிராமல் பகல் முழுக்கப் பூ பொருத்தி, மட்டம் பார்த்து, ஒவ்வொரு கல்லாகப் பதிக்கிறார்கள். சனிக்கிழமை சாயங்காலம் கை கால் கழுவிவிட்டு வாசலில் வந்து நிற்கிறார்கள். "சில்லறை இல்லப்பா, திங்கக்கிழமை பாத்துக்கலாம்" என்கிறோம். அந்தச் சித்தாள் அம்மா அரிசிக் கடையில் என்ன சொல்வார்? மறுநாள் காலையில் நாம் புது நோட்டாகப் பார்த்து உறையில் போட்டு ஆலயத்துக்குக் கொண்டுபோகிறோம். "கூலிக்காரனுடைய வேலையின் கூலி விடியற்காலமட்டும் உன்னிடத்தில் இருக்கலாகாது" என்கிறது லேவியராகமம் 19ஆம் அதிகாரம். அந்த உறையில் இருப்பது யாருடைய பணம்?

"கொஞ்சத்திலே உண்மையுள்ளவன் அநேகத்திலும் உண்மையுள்ளவனாயிருக்கிறான்" என்று லூக்கா 16இல் ஆண்டவர் சொல்வது லட்சாதிபதிகளுக்கு மட்டும் அல்ல. பால்காரர் பாக்கி, வீட்டு வேலை செய்கிற அக்காவின் சம்பளம், கைமாற்றாக வாங்கி மறந்துபோன ஐந்நூறு ரூபாய், இவைதான் அந்தக் கொஞ்சம்.

மாதக் கடைசியில் ஒருநாள் ராத்திரி, சாப்பாடு முடிந்தபிறகு, கணவனும் மனைவியும் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். பிள்ளைகளையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வந்தது என்ன, போனது என்ன, யாருக்கு என்ன பாக்கி என்று மறைக்காமல் எழுதுங்கள். ஜெபம் பண்ணிவிட்டு எழுதினால் இன்னும் நல்லது. கூலி பாக்கி ஏதாவது இருந்தால் அதை முதல் வரியாக வையுங்கள். காணிக்கையை அதற்கு அடுத்த வரியில் எழுதிக்கொள்ளலாம்.

நன்றி, வணக்கம்.