தடுப்பூசி போட்டும் கோழி ஏன் சாகிறது?

(பெங்களூரு அல்சூரில் தமிழர்கள் கூடிய அரங்கில் கால்நடை ஆராய்ச்சியாளர் ஒருவர் ஆற்றிய உரை)

பெரியவர்களுக்கும் தாய்மார்களுக்கும் வணக்கம்.

இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பலருக்கு ஓசூர், தருமபுரி, திருப்பத்தூர் பக்கம் சொந்த ஊர். ஊரில் அம்மாவோ அத்தையோ பத்துக் கோழி வளர்ப்பார்கள். நான் என்ன வேலை செய்கிறேன் என்று தெரிந்ததும் எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான்: “ஊசி போட்டோம் சார், அப்படியும் கூண்டோட போயிடுச்சே, ஏன்?” மருந்தே போலி என்று சிலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். பல நேரம் மருந்தில் குறை இருப்பதில்லை. வைரஸைப் பற்றி நிறையப் பேசுகிற நாம், கோழியின் உடம்பைப் பற்றிப் பேசுவதில்லை. இந்தக் கேள்விக்குப் பதில் அந்த உடம்பில்தான் இருக்கிறது.

ஊரில் வெள்ளைக்கழிச்சல் என்கிறோமே, அதைத்தான் நாங்கள் ராணிகேட் நோய் என்போம். 1926-ல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் வெளியே தெரிந்தது. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் இமயமலைப் பக்கம் குமாவுன் மலையிலுள்ள ராணிகேட்டில் பதிவானது. பச்சையும் வெள்ளையுமாகக் கழிச்சல், இழுப்பு, பிழைத்ததற்குக் கழுத்துத் திருகல். செத்த கோழியை அறுத்து, அரைவைப்பைக்கு மேலே இருக்கும் சுரப்பி இரைப்பையைக் கத்தரியால் பிளந்து அலசிப் பாருங்கள். வெளுத்த உள்சுவரில், சுரப்பிகளின் முனையில் குண்டூசித் தலை அளவுக்கு ரத்தப் புள்ளிகள் இருக்கும். எல்லாக் கோழியிலும் இருக்காது. இருந்தால் சந்தேகம் வலுக்கும்.

சரி, ஊசி ஏன் பலிக்கவில்லை? தாயிடமிருந்து தொடங்குவோம். தாய்க்கோழி தன் ரத்தத்தில் இருக்கும், கிருமியோடு போராடும் எதிர்ப்புப் புரதத்தை மஞ்சள் கரு வழியாகக் குஞ்சுக்குக் கொடுத்து அனுப்புகிறது. முதல் இரண்டு மூன்று வாரம் குஞ்சைக் காப்பாற்றுவது அந்தச் சீதனம்தான். ஆனால் நாம் கொடுக்கிற தடுப்பு மருந்தும் வலுக்குறைந்த உயிருள்ள வைரஸ்தானே? தாய் கொடுத்த புரதம் அதையும் விட்டுவைக்காது. சீக்கிரம் போட்டால் மருந்து வீண், தள்ளிப்போட்டால் நோய் முந்திக்கொள்ளும். அதனால்தான் முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டாக விடுகிறோம். கண்ணுக்குப் பின்னால் ஹார்டேரியன் என்று ஒரு சுரப்பி உண்டு. அது அங்கேயே காவலை உருவாக்கும், ரத்தத்தில் இருக்கும் தாயின் புரதம் அங்கே அவ்வளவாகக் குறுக்கிடாது. பிறகு நான்காவது வாரம் ஒரு தடவை, எட்டாவது வாரம் இறக்கையில் ஊசி. குஞ்சுப் பருவத்தில் ஒரு சொட்டு விட்டுவிட்டு, “போட்டாச்சு” என்று இருந்துவிடுகிறவர்கள்தான் அதிகம்.

குஞ்சிடம் எதிர்ப்பு எவ்வளவு இருக்கிறது என்று ஆய்வகத்தில் பார்க்க முடியும். தொண்ணூற்றாறு குழி உள்ள தட்டில், ரத்தம் உறைந்த பின் பிரியும் தெளிநீரான சீரத்தைப் பாதி பாதியாக நீர்த்துக்கொண்டே போய், வைரஸையும் கோழியின் சிவப்பணுவையும் சேர்த்து வைப்போம். எதிர்ப்புப் புரதம் இல்லாத குழியில் வைரஸ் சிவப்பணுக்களைப் பிணைத்து அடி முழுக்கப் பரப்பிவிடும். புரதம் இருக்கும் குழியில் சிவப்பணு அடியில் திரண்டு சின்னப் பொட்டாக நிற்கும், தட்டைச் சாய்த்தால் கோடாக வழியும். எந்தக் குழி வரை வழிகிறது என்று எண்ணினால் போதும். செலவு குறைந்த சோதனை. பெரிய பண்ணைகள் இதைப் பார்த்து ஊசிக்கு நாள் குறிக்கின்றன. வீட்டுக் கோழிக்கு யாரும் பார்ப்பதில்லை என்பது என் வருத்தம்.

அப்புறம், என் மனதுக்கு மிகவும் நெருக்கமான ஓர் உறுப்பு. குஞ்சின் ஆசனவாய்க்கு மேலே உள்ளே ஒரு சிறு பை இருக்கும். பதுவா நகரத்து உடற்கூறு அறிஞர் ஃபேப்ரிசியஸ் விவரித்ததால் அவர் பெயரைச் சேர்த்து ‘ஃபேப்ரிசியஸின் பர்சா’, சுருக்கமாகப் பர்சா என்று சொல்வோம். கோழி வளர வளர அது சுருங்கிப் போய்விடும். எதற்காக இருக்கிறது என்று முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் யாருக்கும் பிடிபடவில்லை. 1950-களில் அமெரிக்காவின் ஓஹியோவில் புரூஸ் கிளிக் என்ற மாணவர் குஞ்சுகளிலிருந்து அந்தப் பையை வெட்டி எடுத்துப் பார்த்தார். கோழிகள் சாதாரணமாகவே வளர்ந்தன. அவருடைய நண்பர் திமோதி சாங், எதிர்ப்புப் புரதம் உருவாவதை வகுப்பில் காட்டுவதற்காக அந்தக் கோழிகளை வாங்கிப் போய் சால்மொனெல்லா கிருமியைச் செலுத்தினார். பை இல்லாத கோழிகளில் பெரும்பாலானவற்றில் புரதமே உருவாகவில்லை! 1956-ல் கோழியியல் இதழ் ஒன்றில் இது வெளியானது. மருத்துவ உலகம் சில காலம் கண்டுகொள்ளவில்லை. 1965-ல் மேக்ஸ் கூப்பரும் அவர் குழுவினரும் கோழிகளைக் கொண்டே, எதிர்ப்புச் சக்திக்கு இரண்டு கிளைகள் உண்டு என்று நிறுவினார்கள். அதில் ஒன்று, எதிர்ப்புப் புரதத்தைச் செய்யும் வெள்ளணுக்களின் கிளை. இன்று மனிதருக்கு ரத்தப் பரிசோதனை செய்யும்போது அந்த வெள்ளணுவைத்தான் பி செல் என்று எழுதுகிறார்கள், அந்த ‘பி’ பர்சாவிலிருந்து வந்ததுதான். கோழியைப் படிப்பது கோழிக்காக மட்டும் இல்லை என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

கம்போரோ நோய் வைரஸ் தாக்குவது இந்தப் பையைத்தான். 1962-ல் அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் கம்போரோ என்ற இடத்தில் கண்டறியப்பட்டது. மூன்று முதல் ஆறு வாரக் குஞ்சுகளில் அதன் ஆட்டம் அதிகம். பை முதலில் வீங்கும், ஒரு வாரத்துக்குப் பிறகு சுருங்கிப் போகும். குஞ்சு பிழைத்துக்கொள்ளலாம். ஆனால் எதிர்ப்புப் புரதம் செய்கிற இடமே அழிந்துவிட்டால், அதற்குப் பிறகு போடுகிற ராணிகேட் ஊசியை எதை வைத்துப் பலிக்கச் செய்யும்? கழிச்சலில் செத்தது என்று நாம் எழுதுகிற கோழிகளில் சிலவற்றைக் கம்போரோ முன்பே கெடுத்து வைத்திருக்கும்.

வெயிலும் இதில் சேர்த்தி. கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. அதன் உடல் சூடு சாதாரணமாகவே 41 டிகிரிக்கு மேல். பங்குனி வெயிலில் வாயைத் திறந்து இளைத்துத்தான் சூட்டைத் தணிக்கிறது. இளைப்பில் கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேற, முட்டை ஓட்டுக்குத் தேவையான கார்பனேட் குறைகிறது, ஓடு மெலிகிறது. அதோடு, நீடித்த வெக்கையில் சுரக்கும் கார்ட்டிகோஸ்டீரோன் என்ற ஹார்மோன் அந்தப் பர்சாவையும் சுருக்குகிறது. அதனால் ஊசியை விடியற்காலையில் போடுங்கள், மதியத்தில் வேண்டாம்.

பறவைக் காய்ச்சலைப் பற்றிக் கேட்பீர்கள். 2012-ல் பெங்களூருக்குப் பக்கத்தில் நம் ஹெசரகட்டாவிலேயே வான்கோழிகளில் எச்5என்1 என்ற பறவைக் காய்ச்சல் வைரஸ் வந்தது. அதற்கு நம் நாட்டில் தடுப்பூசி வழி இல்லை, சுற்றியுள்ள பறவைகளை அழிப்பதுதான் வழி. நன்றாக வேகவைத்த முட்டையும் கறியும் சாப்பிடலாம்.

ஊருக்குப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். மருந்துக் குப்பி ஐஸை விட்டு வெளியே வரக் கூடாது. கரைத்தால் இரண்டு மணி நேரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். தண்ணீரில் கலந்து கொடுப்பதானால் குளோரின் போட்ட குழாய்த் தண்ணீர் ஆகாது, மருந்து வைரஸ் அதிலேயே செத்துவிடும். கிணற்றுத் தண்ணீரில் கொஞ்சம் பால் பவுடர் கலந்துகொள்ளுங்கள். பத்துக் கோழிக்கு நூறு கோழிக்கான குப்பியை உடைக்க மனம் வரவில்லையா? அக்கம்பக்கத்தில் சேர்ந்து ஒரே நாளில் போடுங்கள். தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் நாட்டுக்கோழிக்கென்றே தீவனம்போல் தின்னக் கொடுக்கும் குருணை மருந்தை உருவாக்கியிருக்கிறது. பிப்ரவரியில் அரசு நடத்தும் கழிச்சல் தடுப்பூசி முகாமையும் விடாதீர்கள்.

அப்படியும் சாகத் தொடங்கினால், செத்ததை ஏரியில் வீசாதீர்கள், நோயுற்றதை அவசரமாகச் சந்தைக்கு ஓட்டாதீர்கள். கையுறை போட்டு, அன்று செத்த ஒன்றைப் பாலிதீன் பையில் இறுக்கிக் கட்டி, சுற்றிலும் ஐஸ் வைத்து அருகிலுள்ள கால்நடை நோய் ஆய்வகத்துக்குக் கொண்டு போங்கள். இங்கே பெங்களூரில் என்றால் ஹெப்பாளில் உள்ள ஆய்வகத்துக்கு வாருங்கள். ஃப்ரீசரில் மட்டும் வைக்க வேண்டாம், உறைந்த திசுவில் அந்தப் பர்சாவைச் சரியாகப் படிக்க முடியாது.