விரிசல் யார் மேசைக்குப் போகிறது?

நண்பர்களே, வணக்கம்.

நிறுவனங்களின் பொறுப்பு, நல்ல ஆளுகை என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். இரண்டுமே கேட்டுக் கேட்டுத் தேய்ந்துபோன சொற்கள். அதனால் அவற்றைச் சற்றுத் தள்ளிவைத்துவிட்டு, ஒரு கட்டடத்திலிருந்து தொடங்குகிறேன்.

2013 ஏப்ரல் 23. வங்கதேசத் தலைநகர் டாக்காவை ஒட்டிய சாவர். அங்கே ராணா பிளாசா என்ற 8 மாடிக் கட்டடத்தின் தூண்களில் விரிசல் விழுந்தது. வந்து பார்த்த பொறியாளர், இது ஆபத்து, காலி செய்யுங்கள் என்றார். கீழே இருந்த வங்கிக் கிளை தன் ஊழியர்களை வெளியேற்றியது. கடைகளைப் பூட்டினார்கள். மேல் மாடிகளில் இயங்கிய ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகள் மட்டும் மறுநாள் காலை ஆட்களை வேலைக்கு வரச் சொல்லின. வராவிட்டால் அந்த மாதச் சம்பளம் கிடைக்காது என்று மிரட்டியதாக உயிர் பிழைத்தவர்கள் பின்னால் சொன்னார்கள். காலை 9 மணி வாக்கில் மின்சாரம் போனது. மாடியில் வைத்திருந்த ஜெனரேட்டர்கள் அதிர்ந்து ஓடத் தொடங்கின. கட்டடம் அப்படியே சரிந்தது. 1,134 பேர் இறந்துபோனார்கள். ஏறக்குறைய 2,500 பேர் காயத்தோடு தப்பினார்கள்.

என் மனதை விட்டு அகலாதது அந்த வங்கிக் கிளைதான். அதே கட்டடம், அதே விரிசல், அதே பொறியாளர் சொன்ன அதே வார்த்தை. வங்கியில், "மூடு" என்று சொல்ல ஒருவருக்கு அதிகாரம் இருந்தது. ஒருநாள் மூடினால் வங்கிக்குப் பெரிய நட்டமும் இல்லை. மேல் மாடியில் தைத்துக்கொண்டிருந்த துணிக்கோ கப்பலேற வேண்டிய தேதி இருந்தது. தேதி தவறினால் அபராதம், அல்லது விமானத்தில் அனுப்பும் செலவு, அதற்கு மேல் அடுத்த ஆர்டரே கைநழுவும் பயம். அந்தத் தேதியைக் குறித்த வெளிநாட்டு பிராண்டுக்காரர்கள் ஆயிரக்கணக்கான மைல் தள்ளி இருந்தார்கள். விரிசல் விழுந்த சேதி அவர்கள் காதுக்குப் போகவே இல்லை. போவதற்கு ஒரு வழியும் யாரும் வைத்திருக்கவில்லை.

நிறுவன ஆளுகை என்பதற்கு நான் கொடுக்கும் பொருள் இதுதான்: தொழிற்கூடத்தில் விழும் விரிசல், இயக்குநர் குழுவின் மேசைக்கு வந்து சேர்கிறதா? மேசையில் எடுக்கும் முடிவுக்கு அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் பதில் சொல்கிறார்களா? இந்த இரண்டையும் கேட்டுவிட்டால் மற்றதெல்லாம் தானாகத் தெரிந்துவிடும்.

கட்டடம் விழுந்த பிறகு என்ன நடந்தது? அங்கே எந்தெந்த பிராண்டுக்குத் துணி தைத்தார்கள் என்று கண்டுபிடிக்க, தொழிலாளர் அமைப்பினர் இடிபாடுகளுக்குள் சட்டை லேபிள்களைத் தேடி எடுத்தார்கள். சில பிராண்டுகள், எங்கள் துணி அங்கே தைக்கப்பட்டதே எங்களுக்குத் தெரியாது என்றன. அது உண்மையாகவும் இருக்கலாம். ஆர்டரை வாங்கியவர் இன்னொருவரிடம் சப் காண்ட்ராக்ட் கொடுப்பது அந்தத் தொழிலில் அன்றாட வழக்கம். ஒரு சட்டையின் விலையைக் காசு காசாகக் கணக்குப் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு, அதைத் தைத்த இடம் எது என்று தெரியவில்லை! பாதிக்கப்பட்டவர்களுக்கான நிதியில் 3 கோடி டாலர் சேர 2015 ஜூன் வரை ஆனது.

தொழிற்சாலைகளை நேரில் போய்ச் சோதித்து ஆடிட் செய்யவில்லையா என்று கேட்பீர்கள். செய்தார்கள். அந்தக் கட்டடத்துத் தொழிற்சாலைகளிலேயே சிலவற்றை ஆடிட் செய்திருந்தார்கள். கட்டடம் உறுதியாக இருக்கிறதா என்பது அவர்களுக்குக் கொடுத்த பட்டியலில் இல்லை. 2012 செப்டம்பரில் கராச்சியில் அலி எண்டர்பிரைசஸ் என்ற தொழிற்சாலை தீப்பிடித்து 250க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான், தொழிலாளர்களை முறையாக நடத்துகிறார்கள் என்று சொல்லும் எஸ்ஏ 8000 சான்றிதழ் அந்தத் தொழிற்சாலைக்குக் கிடைத்திருந்தது. 2019 ஜனவரியில் பிரேசிலின் புருமாடின்யோவில் வாலே நிறுவனத்தின் சுரங்கக் கழிவு அணை உடைந்து 270 பேர் இறந்தார்கள். அந்த அணை நிலையாக இருக்கிறது என்று சான்று கொடுத்து ஓராண்டுகூட ஆகவில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இந்த ஏட்டுச் சுரைக்காய் உதவாமல் போனதோடு நிற்கவில்லை. எல்லாம் சரியாக இருக்கிறது என்ற நிம்மதியைக் கொடுத்து, பார்க்க வேண்டியவர்களின் கண்ணையே மூடிவிட்டது.

சரி, வேறு வழி இருக்கிறதா? இருக்கிறது, ராணா பிளாசாவுக்குப் பிறகு செய்தும் காட்டினார்கள். 2013 மே மாதம் பிராண்டுகளும் உலகத் தொழிற்சங்கங்களும் தீ, கட்டடப் பாதுகாப்பு குறித்து ஓர் ஒப்பந்தம் போட்டன. 200க்கும் மேற்பட்ட பிராண்டுகள் கையெழுத்திட்டன. சுதந்திரமான பொறியாளர்கள் போய்ப் பார்த்தார்கள். என்ன குறை கண்டார்கள் என்பதைத் தொழிற்சாலையின் பெயரோடு எல்லாரும் படிக்கும்படி வெளியிட்டார்கள். ஆபத்தான கட்டடத்துக்குள் போக மறுக்கத் தொழிலாளிக்கு உரிமை உண்டு என்று எழுதிவைத்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அது சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தம். சொன்னபடி செய்யவில்லை என்று 2 பிராண்டுகளைத் தொழிற்சங்கங்கள் ஹேக் நகரில் நடுவர் மன்றத்துக்கு இழுத்தன. இரண்டும் சமரசத்துக்கு வந்தன. அதில் ஒன்று 23 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டது. அதுவரை நன்னடத்தை விதிகள் என்று பிராண்டுகள் தாமாக எழுதிக்கொண்டவற்றுக்கு இந்தப் பல் இல்லை.

அப்புறம், இதை ஏழை நாட்டுத் தொழிற்சாலைகளின் கதை என்று நினைத்துவிடாதீர்கள். போயிங் 737 மேக்ஸ் விமானங்கள் 2018 அக்டோபரிலும் 2019 மார்ச்சிலும் விழுந்து 346 பேர் இறந்தார்கள். பங்குதாரர்கள் இயக்குநர்கள்மீது வழக்குப் போட்டார்கள். விமானம் கட்டும் கம்பெனியின் இயக்குநர் குழுவில் பாதுகாப்பை நேரடியாகக் கவனிக்கும் துணைக்குழு ஒன்றுகூட அதுவரை இல்லை என்பது அந்த வழக்கில் பெரிதாகப் பேசப்பட்டது. 2021இல் 23 கோடியே 75 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆனது. இயக்குநர்களுக்காக அந்தப் பணத்தைக் கட்டியது இன்சூரன்ஸ். எனக்கு இதில் மிகுந்த வருத்தம் உண்டு.

சட்டமும் மெல்ல நகர்கிறது. ஜாம்பியாவின் சிங்கோலா பகுதியில் செம்புச் சுரங்கக் கழிவால் தண்ணீர் கெட்டுவிட்டது என்று 1,826 கிராமத்தார் வழக்குத் தொடுத்தார்கள். சுரங்கத்தை நடத்திய துணை நிறுவனத்தோடு லண்டனில் இருந்த தாய் நிறுவனம் வேதாந்தாவையும் சேர்த்தார்கள். அவர்கள் இங்கிலாந்திலேயே வழக்கு நடத்தலாம் என்று 2019இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்கு நீதிமன்றம் எடுத்துக்காட்டிய காரணங்களில் ஒன்று, தாய் நிறுவனமே வெளியிட்ட அறிக்கை. குழும நிறுவனங்கள் அனைத்தின் சுற்றுச்சூழல் தரத்தையும் நாங்கள் மேற்பார்க்கிறோம் என்று பெருமையாக எழுதியிருந்தார்கள். மேற்பார்க்கிறேன் என்றால் பதிலும் சொல் என்பதுதானே நியாயம். பிரான்ஸ் 2017இல் இதற்கென்றே சட்டம் போட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் போட்டது, ஆனால் அடுத்த ஆண்டே அதன் வீச்சைக் குறைக்கும் வேலையும் தொடங்கிவிட்டது.

சட்டம் வரட்டும். அதற்குள் நிறுவனங்கள் இன்றைக்கே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. ஒரே பிராண்டின் ஒரு துறை சப்ளையருக்கு நன்னடத்தை விதிகளை அனுப்புகிறது. கொள்முதல் துறையோ அதே சப்ளையரிடம் விலையைக் குறை, நாளைக் குறை என்கிறது. இரண்டில் எது ஜெயிக்கும் என்று தெரிய வேண்டுமா? கொள்முதல் அதிகாரியின் போனஸ் எதைவைத்துக் கணக்காகிறது என்று பாருங்கள்.

உங்களில் பங்கு வைத்திருப்பவர்கள் உண்டு, ஓய்வூதிய நிதி வழியாகப் பங்குதாரர் ஆனவர்களும் உண்டு. பங்குதாரர்களின் பொதுக்கூட்டத்தில் பேச வாய்ப்புக் கிடைத்தால், பாதுகாப்புக் கொள்கை இருக்கிறதா என்று கேட்காதீர்கள். எல்லாரிடமும் அச்சடித்த புத்தகம் இருக்கிறது. போன ஆண்டு ஆபத்து என்று சொல்லி எங்கே வேலையை நிறுத்தினீர்கள், தாமதத்தின் செலவை யார் ஏற்றார்கள் என்று கேளுங்கள். நிறுத்தச் சொன்ன ஆள் இன்னும் அங்கே வேலையில் இருக்கிறாரா என்றும் கேளுங்கள்.