அப்டேட் ஒரு தடவை இறங்கினால் போதும்

வணக்கம். பழைய நெட்வொர்க்கை வைத்துக்கொண்டு அலுவலகக் கம்ப்யூட்டர்களைக் கட்டி மேய்க்கும் நண்பர்களுக்காக இன்று பேசுகிறேன்.

2017 மார்ச் 14 அன்று மைக்ரோசாஃப்ட், விண்டோஸில் இருந்த ஒரு பெரிய ஓட்டையை அடைக்க அப்டேட் வெளியிட்டது. மே 12 அன்று, ஃபைல்களைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் வானாகிரை என்ற வைரஸ் அதே ஓட்டை வழியாகப் புகுந்தது. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளில் ஆயிரக்கணக்கான நோயாளிகளின் அப்பாயின்ட்மென்ட்கள் ரத்தாயின. அங்கே மாட்டிக்கொண்ட கம்ப்யூட்டர்களில் பெரும்பாலானவை காலாவதியான விண்டோஸ் எக்ஸ்பி அல்ல. அப்டேட் போடாமல் விட்ட விண்டோஸ் 7. இரண்டு மாத அவகாசம் இருந்தும் இப்படி நடந்ததுதான் என்னை வருத்துகிறது.

நம் அலுவலகங்களில் ஏன் விட்டுப்போகிறது? நாற்பது கம்ப்யூட்டரும் ஒரே ஃபைலை ஒரே இணைப்பில் நாற்பது முறை இறக்கும். பில் போடும் கவுன்டர் திணறும். யாராவது அவசரத்துக்கு அப்டேட்டை நிறுத்திவைப்பார்கள். அப்புறம் அதைத் திரும்ப இயக்க யாருக்கும் நினைவிருக்காது.

இதற்கு விண்டோஸ் சர்வரிலேயே டபிள்யூ.எஸ்.யூ.எஸ். என்ற வசதி இருக்கிறது. சர்வர் ஒரு தடவை இறக்கி வைத்துக்கொள்ளும். மற்றவை உள் நெட்வொர்க்கிலேயே எடுத்துக்கொள்ளும். முதலில் நாலைந்து கம்ப்யூட்டரை ஒரு குழுவாக்கி அதற்கு மட்டும் அனுமதி கொடுங்கள். பிரின்டர், அக்கவுன்ட்ஸ் சாஃப்ட்வேர் எல்லாம் ஓடுகிறதா என்று ஓரிரு நாள் பார்த்துவிட்டு மற்றவற்றுக்குத் திறந்துவிடுங்கள்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். ஒரு கம்ப்யூட்டரை அப்படியே குளோன் செய்து பத்தில் போட்டிருந்தால், பத்துக்கும் ஒரே சஸ்கிளையன்ட் ஐ.டி. (அப்டேட் சர்வர் ஒரு கம்ப்யூட்டரை அடையாளம் காணும் குறியீடு) இருக்கும். சர்வர் பட்டியலில் பத்துக்குப் பதில் ஒன்றுதான் தெரியும். பெயர் மட்டும் மாறி மாறி வரும். எல்லாம் சரியாக இருப்பதாக நாமும் நம்பிவிடுவோம். ஒவ்வொன்றிலும், விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் அந்த ஐ.டி.யை அழித்து, அப்டேட் சர்வீஸை மறுபடி தொடங்கினால் புது ஐ.டி. வந்துவிடும். மேசை மேசையாகப் போய் எண்ணிப் பட்டியலோடு ஒப்பிடுவதை நான் விடவே மாட்டேன்.

ஏதோ ஒரு இயந்திரத்துக்காக எக்ஸ்பி இன்னும் தேவைப்பட்டால் ஓடட்டும். ஆனால் அதைத் தனி நெட்வொர்க்கில் வையுங்கள், இன்டர்நெட் கொடுக்காதீர்கள். மற்ற கம்ப்யூட்டர்களில், நெட்வொர்க்கில் ஃபைல்களைப் பகிர உதவும் எஸ்.எம்.பி.யின் பழைய ஒன்றாம் பதிப்பை இன்றே அணைத்துவிடுங்கள். வானாகிரை பரவியது அதன் வழியாகத்தான்.